ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் பண்ணினால்?

"சார், எட்டு ஓம் ரெசிஸ்டர்லதான் எல்லாத்தையும் பாத்திருக்கோம். ஸ்பீக்கர் மாட்டாமலே ஆன் பண்ணா?"

"அப்படி யாருப்பா ஆன் பண்ணுவாங்க?"

பேச்சு அவ்வளவுதான். கேள்வி கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பதில் சொன்ன நான், அந்த கிளாஸ்-டி ஆம்பிளிஃபயரின் (அவுட்புட்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஒலியைப் பெருக்குவது) சர்க்யூட் படத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கணக்கில் தவறில்லை என்று இப்போதும் சொல்வேன். 24 வோல்ட் சப்ளை, பிரிட்ஜ் அவுட்புட் (ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக ஓட்டுவது), 400 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்சிங். பிரிட்ஜில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதி லோடுதான் தெரியும்; 8 ஓமுக்கு 4. ஸ்விட்சிங்கை வடிகட்டும் ஃபில்டரை பட்டர்வொர்த்தாக, அதாவது முகடு எழாமல் தட்டையாக, வைக்க 22 மைக்ரோஹென்றி காயில், 0.68 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர். கட்ஆஃப் (அதற்கு மேல் சிக்னல் இறங்கும் இடம்) 41 கிலோஹெர்ட்ஸ். 20 கிலோஹெர்ட்ஸில் கால் டெசிபெல் மட்டுமே இறங்கும். ஸ்விட்சிங் 40 டெசிபெல் அளவுக்கு அடங்கும். செராமிக் கெபாசிட்டர் போட்டுக் காசை மிச்சம் பிடிக்கச் சொன்னார்கள், மறுத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் எப்போதும் 12 வோல்ட் டிசி நிற்கிறது. அதில் எக்ஸ்7ஆர் என்ற செராமிக் வகை தன் மதிப்பில் ஒரு பங்கை இழக்கும், சிக்னலோடு சேர்ந்து ஆடவும் ஆடும். அந்த முடிவில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அவர் கேட்டது லோடைப் பற்றி. ஸ்பீக்கர் 8 ஓமாக இருப்பது பெயர்ப்பலகையில்தான். வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸால் 40 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அது 30 ஓமைத் தொடலாம். அதை வெறும் ரெசிஸ்டராக வைத்துப் பார்த்தாலே ஃபில்டரின் க்யூ (முகட்டின் கூர்மை) 0.7-இலிருந்து 2.6 ஆகிறது: 20 கிலோஹெர்ட்ஸில் 2 டெசிபெல் ஏற்றம், 41-இல் 8-க்கு மேல். வயர் கழன்றுவிட்டால் காயிலின் ரெசிஸ்டன்ஸும் ஸ்விட்ச் செய்யும் மாஸ்ஃபெட்டின் ரெசிஸ்டன்ஸும் தவிர அந்த முகட்டைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. கிளிப் ஆன (உச்சி வெட்டுப்பட்ட) 13.7 கிலோஹெர்ட்ஸின் மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்) நேராக அந்த முகட்டில் போய் விழும்.

திரும்பி வந்த போர்டில் ஐசி போயிருந்தது. ஸ்பீக்கர் டெர்மினலின் ஸ்க்ரூ லூசாக இருந்தது. ஒன்றால்தான் மற்றது என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. ஓவர்கரண்ட் பாதுகாப்பு இருக்கிறதே, அது ஏன் காப்பாற்றவில்லை? இந்தக் கேள்வியில் சில நாள் எனக்கு ஆறுதல் கிடைக்கிறது, சில நாள் இல்லை.

முகட்டை அடக்கும் டேம்பிங் தெரியாமல் விட்டதல்ல. ஒவ்வொரு பக்கமும் 8.2 ஓமும் 0.68 மைக்ரோஃபாரடும் சீரீஸில் கிரவுண்டுக்குப் போட்டால், லோடே இல்லாதபோதும் முகடு 9.5 டெசிபெல்லில் நிற்கும். போடாவிட்டால் 30-ஐ நெருங்கும். ஆனால் முழு வால்யூமில் 20 கிலோஹெர்ட்ஸ் சைன் கொடுத்தால் அந்த ரெசிஸ்டர் 2.9 வாட் சூடாகும். கால் வாட் ரெசிஸ்டர் கருகும், 5 வாட் வேண்டும். சேனலுக்கு இரண்டு, அதுவும் காற்றுப் போகாத பெட்டிக்குள். 22 ஓம், 0.22 மைக்ரோ என்று குறைத்தால் சூடு 1 வாட்டுக்குள் வரும், முகடு 17 டெசிபெல்லுக்கு ஏறும். பாட்டில் 20 கிலோஹெர்ட்ஸ் முழு அளவில் வராது, அதனால் சூட்டைக் கண்டு நான் பயந்தது அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆனால் டெஸ்ட் பெஞ்சில் அந்த சைனைத்தான் கொடுக்கிறோம், ரெசிஸ்டர் கருகினால் போர்டு அங்கேயே தோற்கும். பெஞ்சில் தோற்காத போர்டைத்தான் நான் வரைந்தேன்.

அன்றைக்கே லோடைக் கழற்றி, சிக்னலைச் சின்னதாக வைத்து ஒரு ஸ்வீப் எடுத்திருக்கலாம். பத்து நிமிட வேலை.

புதிய படத்தில் டேம்பிங்குக்கு இடம் விட்டிருக்கிறேன். 8.2 ஓமா, 22 ஓமா என்று பார்ட்ஸ் லிஸ்ட்டில் இன்னும் எழுதவில்லை.