2147483647: ஜாம் போத்தல் விளக்கில் வகுத்த எண்

1993ஆம் ஆண்டு நமது கல்லூரியின் உயர்தரக் கணித வகுப்பில் இருபத்துநான்கு பேர் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று மூன்று ஆண்டுகளாகியிருந்தன. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாகையால் கணிப்பானைப் பற்றிய பேச்சுக்கே இடமிருக்கவில்லை. அந்நாள்களில்தான் தூய கணித ஆசிரியர் கரும்பலகையில் 2147483647 என்று எழுதி, இது முதன்மை எண்ணா, அதாவது ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்ணா, என்று கேட்டார்.

இரண்டின் 31ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் இவ்வெண் வரும். அடுக்கு முதன்மை எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 11ஆம் அடுக்கில் வரும் 2047, 23ஐ 89ஆல் பெருக்கக் கிடைப்பது. நம் எண்ணின் வர்க்கமூலம் 46341க்குச் சற்றுக் குறைவு. முதன்மை எண்ணல்லாத எந்த எண்ணையும் அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத ஒரு முதன்மை எண்ணாவது வகுக்கும்; அதுவரையுள்ள முதன்மை எண்கள் நாலாயிரத்துக்கும் மேல். அத்தனையாலும் வகுத்துப் பார்ப்பதென்றால் பரீட்சையே வந்துவிடும்.

1772இல் கணிதமேதை ஓயிலர் இதனை முதன்மை எண்ணென அறிவித்தபோது கையாண்ட சுருக்கத்தை ஆசிரியர் இரண்டு பாடவேளைகளில் விளக்கினார். இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் முதன்மை எண் ஒன்று இருக்குமாயின், அதனால் வகுக்கும்போது மீதி 1 தரும் இரண்டின் மிகச் சிறிய அடுக்கு 31 ஆகும். பேர்மாவின் தேற்றப்படி, அம்முதன்மை எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்த அடுக்கும் மீதி 1 தரும்; ஆகவே அவ்வடுக்கு 31இன் மடங்காக, அம்முதன்மை எண் ஒற்றை எண்ணாகையால் 62இன் மடங்காக, இருக்கவேண்டும். மேலும், இரண்டின் 32ஆம் அடுக்கு மீதியாக 2ஐத் தருவதால், 2 அங்கே (மீதிகளை மட்டும் பார்க்கும்போது) ஒரு வர்க்கமாகிறது, அதாவது இரண்டின் 16ஆம் அடுக்கின் வர்க்கம். 2 வர்க்கமாகும் ஒற்றை முதன்மை எண்களுக்குரிய விதிப்படி, அம்முதன்மை எண்ணை எட்டால் வகுத்தால் 1 அல்லது 7தான் மிஞ்சும். இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மிஞ்சும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். அவை 370 சொச்சம். 3, 5, 7 ஆகியவற்றின் மடங்குகளை வெட்டியபின் ஏறத்தாழ 170 மிஞ்சின. ஆளுக்கு ஏழு.

63உம் 249உம் மூன்றின் மடங்குகளாகையால் முதலில் வருவது 311. அதற்கு மீதி 35. என் பங்கில் 1303 இருந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அரை அங்குலம் மண்ணெண்ணெய் விட்ட விளக்கின் முன்னால் வகுத்தேன். மீதி பூச்சியம்! ஓயிலரையே பிழையாக்கிவிட்ட பெருமையில் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் ஆசிரியர் கொப்பியை வாங்கி ஒரு கணம்தான் பார்த்தார். "தம்பி, உம்மடை ஈவு ஏழிலை முடியுது. மூவேழு இருபத்தொண்டு. ஆனால் எண் ஏழிலையல்லோ முடியுது?" என்றார். வகுக்காமலே பிழையைக் கண்டுபிடிக்கும் அந்த வித்தையை அன்றுதான் கற்றேன். திருத்தியபோது ஈவு 1648107, மீதி 226. மற்றவர்களுக்கும் ஒன்றாவது மீதியின்றி வகுபடவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, புலம்பெயர்ந்த நாட்டில் மென்பொருள் வேலையில் இருந்தபோது, எழுமாற்று எண்களை (ஒழுங்கின்றி வருவதுபோல் தோன்றும் எண்களை) உருவாக்கும் பழைய நிரலொன்றில் இவ்வெண்ணைக் கண்டேன். முந்தைய எண்ணை ஏழின் ஐந்தாம் அடுக்காகிய 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்வது அதன் முறை. வகுக்கும் எண் முதன்மை எண்ணாக இருப்பதாலும், 16807 அதற்கு ஏற்ற பெருக்கியாக அமைவதாலும், 1 முதல் 2147483646 வரையுள்ள எல்லா எண்களும் ஒருமுறை வந்த பின்னரே வரிசை திரும்பத் தொடங்கும். கணினியில் நேர், மறைக் குறியோடு 32 பிட்டில் (இரும இலக்கத்தில்) அடங்கும் மிகப் பெரிய முழு எண் என்பதற்காக மட்டுமே அதனை எடுத்திருப்பார்கள் என்று எண்ணியிருந்த சக ஊழியர், முதன்மை எண்தான் என்பது நிச்சயமா என்று கேட்டார். அதனைச் சரிபார்த்தவர்களில் நானும் ஒருவன் என்றேன். 1303ஐப் பற்றி வாய் திறக்கவில்லை.