கறுப்பு காயும் நாட்கள்

ஜனவரி 6

மழைக்காலம் முடிந்தும் அறையில் ஈரப்பதம் குறையவில்லை. எண்ணெய் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை. வண்ணத்தை இளக்கச் சேர்க்கும் டர்பன்டைன் மட்டும்தான் பறந்துபோகும். வண்ணத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு அங்கேயே இறுகும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிப் பூசினால் மேல்தோல் முதலில் இறுகி, அடி இளகிக் கிடந்து, சில ஆண்டுகளில் வெடிப்பு விடும். சென்னையில் கடலுக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்குப் பொறுமையைத் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

5 அடிக்கு 5 அடி கித்தான் (கேன்வாஸ்). முழுவதும் கறுப்பு. டியூபில் வரும் கறுப்பை நான் வாங்குவதில்லை. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் பழுப்பையும் கத்தியால் குழைத்துக் கறுப்பு எடுக்கிறேன். நீலம் கொஞ்சம் தூக்கலானால் கறுப்பு பின்வாங்கும். பழுப்பு மிஞ்சினால் முன்னால் வந்து நிற்கும். அந்த இழுபறிதான் இந்தப் படம்.

ஜனவரி 11

புது வீட்டு வரவேற்பறைக்குப் படம் தேடி ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மா கறுப்பின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "இதற்கு என்ன அர்த்தம்?" என்றார். எனக்கு அந்தக் கேள்வியின் மீது எரிச்சல் வருவதே இல்லை. நியாயமான கேள்வி. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் தென்னைமரம் என்று பள்ளிக்கூடத்து ஓவிய வகுப்பிலேயே நம் கண் பழகிவிட்டது. படம் என்றால் வெளியே இருக்கும் ஏதோ ஒன்றைக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் விழுகிறது. "எந்த இடத்தில் உங்கள் கண் நின்றது?" என்று கேட்டேன். கீழே வலதுபக்கம் என்றார். நான் அதிகம் போராடிய இடம் அதுதான். அவர்கள் படம் வாங்கவில்லை. ஆனாலும் நல்ல மாலைப்பொழுது.

ஜனவரி 16

பொங்கலுக்கு ஊர். எட்டயபுரம் பக்கம் கரிசல் பூமி. அக்காவின் நிலத்தில் உளுந்து எடுத்தாயிற்று. வரப்போரம் மண்வெட்டியால் ஒரு கட்டி வெட்டிப் பார்த்தேன். இரும்பு அறுத்த பக்கம் மெழுகு தடவியதுபோல் பளபளத்தது. அதில் நீலம் இருக்கிறது! மேலே காய்ந்த மண்ணோ வெறும் சாம்பல். ஒரே மண்தான், ஈரத்துக்குத் தகுந்தபடி நிறம் மாறுகிறது. காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும், மழை விழுந்தால் ஊதி வெடிப்பை மூடிக்கொள்ளும்.

நெற்றியில் கைவைத்து வானத்தைப் பார்க்கும் விவசாயியை எத்தனையோ ஓவியங்களில் பார்த்திருக்கிறேன். எதிலும் என் அப்பா இல்லை. அப்பா வானத்தைப் பார்த்து நான் பார்த்ததில்லை. குனிந்து ஒரு கிள்ளு மண் எடுத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உருட்டுவார். உருண்டால் விதைப்பு, உதிர்ந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அவர் முகத்தை வரைய எனக்கு ஆசையில்லை. அந்த இரண்டு விரல்களுக்கு நடுவே தெரிந்துகொண்ட ஒன்று இருக்கிறதே, அதுதான் எனக்கு வேண்டும். அதற்கு உருவம் கிடையாது. நான் ஏன் அரூப ஓவியன் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

ஜனவரி 30

காந்தி நினைவு நாள். ஓவியர் ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்தவை. சில கோடுகளில் ஒரு கிழவரின் நடை முழுவதும் வந்துவிடுகிறது. கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு அவர் போட்ட கோடுகளைப் பார்த்துத்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஓவியர் என்று ஒருவரைத் தெரியும். அப்படிப்பட்ட கை எண்ணெய் வண்ணத்தில் உருவத்தையே விட்டுவிட்டு நிறப்பரப்புகளுக்குப் போனது. உருவம் வரையத் தெரியாதவர்கள்தான் அரூபத்துக்குப் போவார்கள் என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2008இல் அவர் மறைந்தார். தமிழ்ப் பத்திரிகை வாசகர்களுக்கு அவருடைய கோடுகள் தெரிந்த அளவுக்கு நிறங்கள் தெரியாமல் போனது எனக்குத் தீராத வருத்தம்.

பிப்ரவரி 8

ஈஞ்சம்பாக்கம், சோழமண்டலம். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரது மாணவர்களும் ஏற்படுத்திய கலைஞர் கிராமம். மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று அதில் வயிறு வளர்த்தார்கள். ஓவியம் யாருக்கும் பயப்படாமல் இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. வாரக்கடைசியில் குழந்தைகளுக்கு வகுப்பெடுத்து வாடகை கட்டுகிற எனக்கு இதைப் படித்த நாளிலிருந்தே ஒரு தெம்பு.

பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டம்போலக் கட்டங்கள், எண்கள், வாசிக்க முடியாத எழுத்துகள் நெருங்கிக் கிடக்கும். வாசிக்க வராது என்று தெரிந்த பிறகும் கண் வரிவரியாகத்தான் ஓடுகிறது.

பிப்ரவரி 17

இன்று முழுக்கச் சுரண்டல். மேல் பாதியைக் கத்தியால் வழித்தெடுத்தேன். அரூப ஓவியர் கெய்டோண்டே இப்படித்தான் உருளையால் பூசுவார், கத்தியால் எடுப்பார், காத்திருப்பார். ஆண்டுக்குச் சில படங்களுக்கு மேல் செய்யாதவர். பூசுவதைவிட எடுப்பதுதான் கடினம். வழித்த இடத்தில் கித்தானின் நெசவுப் பள்ளங்களில் மட்டும் நீலம் தங்கி, மேடுகளில் பழுப்பு தேய்ந்து, ஒரு வறண்ட சாம்பல் வந்தது. அதைத் தூரிகையால் பூசிக் கொண்டுவரவே முடியாது. முன்னதாக இப்படி வரும் என்று எனக்கும் தெரியாது. தெரிந்ததைப் போட்டு நிரப்புவதாக இருந்தால் நான் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன்.

பிப்ரவரி 26

குழுக் கண்காட்சிக்குப் படத்தைக் கேட்கிறார்கள். தலைப்பு வேண்டுமாம். 'கரிசல்' என்று வைத்தால் எல்லோருக்கும் புரியும், விற்கவும் சுலபம் என்றார் ஏற்பாட்டாளர். மாட்டேன் என்றேன். பெயரைப் படித்த மாத்திரத்தில் 'ஓ, மண்' என்று அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். ஓவியர் நஸ்ரீன் முகமதி தன் பெரும்பாலான ஓவியங்களுக்குப் பெயரும் வைக்கவில்லை, தேதியும் போடவில்லை. தசைகளைக் கட்டுக்குள் வைக்கவிடாத நரம்பு நோயோடு, 1990இல் இறக்கும் முன்புவரை, மயிரிழைக் கோடுகளை மையில் இழுத்தவர். அந்தக் கோடுகளுக்குக் கீழே ஒரு வார்த்தை எழுதி ஒட்டினால் அது கோட்டைத் தாங்குமா? என் கித்தானின் பின்பக்கம் அளவும் ஆண்டும் மட்டும் எழுதினேன்.

மார்ச் 3

கண் மருத்துவரைப் பார்க்க அக்கா வந்திருக்கிறாள். வந்ததும் மாடி அறைக்கு ஏறிவிட்டாள். என்ன படம் என்று கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மேலே காய்ந்துவிட்டதே தம்பி, கீழே பதம் இருக்கிறது" என்றாள். விதைப்புக்கு ஏற்ற ஈரத்தைச் சொல்வதுபோல அவ்வளவு உறுதியாகச் சொன்னாள். வழித்தெடுத்த சாம்பலையும் எண்ணெய் கூடிய கீழ்ப்பாதியையும் பிரித்துப் படிக்க அவளுக்குத் தலைப்பு தேவைப்படவில்லை.

பிறகு இடது ஓரத்தைக் காட்டி, அங்கே நீலம் அதிகம், அப்படி இருக்காது என்றாள். எதைப்போல் இருக்காது என்று கேட்டேன். படத்தைப்போல்தான், மற்ற இடமெல்லாம் ஒன்று சொல்லும்போது அது மட்டும் தனியாகக் கத்துகிறது என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நீலம் இல்லையென்றால் வலதுபக்கம் கீழே சரிந்துவிடும். சாப்பாட்டின்போதும் வாதம் ஓயவில்லை. நாளை காலை வெளிச்சத்தில் மறுபடி பார்த்துவிட்டுத் தொடர்வதாக இருக்கிறோம்.