நோட்டைக் காட்டுங்கள் என்று கேட்டேன்

பாறசாலைப் பக்கம் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் பதினொரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். வீடு களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில். வேலை அந்தப் பக்கம், கேரளத்தில். மகளும் என்னோடு அதே பஸ்ஸில் வந்து அதே பள்ளியில்தான் படித்தாள். வீட்டில் தமிழ், கூட்டுகாரிகளோடு மலையாளம், புத்தகத்தில் இங்கிலீஷ். எல்லையில் வளரும் பிள்ளைகளுக்கு இது சாதாரணம்.

2025 தொடக்கத்தில் அவளுடைய அப்பாவுக்கு துபாயில் குடும்பத்தைக் கூட்டிப்போக வழி கிடைத்தது. பள்ளிக் கட்டணத்தில் பாதியைக் கம்பெனி தரும். இரண்டு மூன்று வருடத்தில் அவரை மஸ்கட்டுக்கோ தோஹாவுக்கோ மாற்றினாலும் மாற்றுவார்கள். எங்கே போனாலும் பாடத்திட்டம் மாறாமல் இருக்கட்டும் என்று பிரிட்டிஷ் பள்ளி பார்க்கலாம் என்றார். "நீ டீச்சர், நீயே பார்த்துச் சொல்லு" என்று பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்.

எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு கல்ஃப்காரர்கள் உண்டு. ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. ஒருவர் நீச்சல்குளத்தைச் சொன்னார், இன்னொருவர் வெள்ளைக்கார டீச்சர்கள் இருக்கிறார்களா பார் என்றார், மூன்றாமவர் கட்டணம் அதிகமாக இருந்தால் தரமும் இருக்கும் என்றார். மாமிக்கு மட்டும் வேறு கவலை: "மக்களே, பிள்ளை அங்க போனா தமிழ் எழுத்து மறந்து போவாதா?" அதற்கு என்னிடம் அப்போது பதில் இல்லை.

முதலில் நான் தெளிவுபடுத்திக்கொண்டது 'பிரிட்டிஷ்' என்ற சொல்லை. அது பெயரில் இருப்பதாலேயே இங்கிலாந்து அரசு அந்தப் பள்ளியைப் பார்த்து முத்திரை குத்தியிருக்கிறது என்று அர்த்தமில்லை. இங்கிலாந்தின் பாடத்திட்டத்தை நடத்துகிறோம் என்பது ஒன்று, அதைச் சரியாக நடத்துகிறார்களா என்று வெளியாள் வந்து பார்த்திருப்பது வேறு. அப்படிப் பார்ப்பதற்கு 'பிரிட்டிஷ் ஸ்கூல்ஸ் ஓவர்சீஸ்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, பிஎஸ்ஓ என்பார்கள். இங்கிலாந்துக் கல்வித் துறை ஒப்புதல் கொடுத்த ஆய்வு நிறுவனங்கள் பள்ளிக்கு வந்து கற்பித்தல், பிள்ளைகளின் பாதுகாப்பு, ஊழியர்களின் பின்னணி, கட்டடம், புகார்களைக் கையாளும் முறை, நிர்வாகம் எல்லாவற்றையும் பார்த்து அறிக்கை எழுதும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். ஆனால் பள்ளி தானாக விரும்பிக் காசு கட்டிச் செய்துகொள்வது இது. ஆகவே பிஎஸ்ஓ இல்லாத பள்ளி மோசம் என்று சொல்ல முடியாது. இருக்கிறது என்று சொன்னால் மட்டும், அறிக்கை எந்த வருடத்துடையது என்று பார்த்துவிட வேண்டும். கோபிஸ், பிஎஸ்எம்இ போன்ற, வெளிநாட்டு பிரிட்டிஷ் பள்ளிகள் சேர்ந்து நடத்தும் சங்கங்களின் சின்னங்களை விளம்பரத்தில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். உறுப்பினர் சின்னம் வேறு, ஆய்வு அறிக்கை வேறு.

துபாயில் நம்மைப் போன்ற பெற்றோருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. தனியார் பள்ளிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான கேஎச்டிஏ, தன் ஆய்வு அறிக்கைகளை யாரும் படிக்கும்படி இணையத்தில் போட்டிருக்கிறது. அவுட்ஸ்டாண்டிங், வெரி குட், குட், அக்செப்டபிள், வீக், வெரி வீக் என்று ஆறு படி. 2023-24இல் 209 பள்ளிகளைப் பார்த்து 23க்கு மட்டும் அவுட்ஸ்டாண்டிங் கொடுத்தார்கள். 2024-25இல் முழு ஆய்வைப் புதுப் பள்ளிகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டதால், நான் படித்தவை எல்லாம் முந்தின வருடத்து அறிக்கைகள். இடையில் பிரின்சிபால் மாறியிருந்தால் அந்தப் படிக்கு என்ன மதிப்பு? அதனால் ஒவ்வொரு பள்ளியிடமும் நான் கேட்ட முதல் கேள்வி, அறிக்கை வந்தபோது இருந்த பிரின்சிபால்தான் இப்போதும் இருக்கிறாரா என்பது.

இரண்டு பள்ளிகள் கையில் மிஞ்சின. ஒன்று 'வெரி குட்', இன்னொன்று 'குட்'. முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தால் 'வெரி குட்' பள்ளியில்தான் சேர்த்திருப்பேன். இரவு பிள்ளை தூங்கின பிறகு இரண்டு அறிக்கையையும் பிரின்ட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி கோடு போட்டுப் படித்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு வரிசை இருக்கும். பிள்ளைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பது ஒரு வரிசை, தொடங்கின இடத்திலிருந்து எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்பது இன்னொரு வரிசை. டீச்சராக நான் சொல்வேன், பள்ளியின் உழைப்பு தெரிவது இரண்டாவதில்தான். கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பொறுக்கிச் சேர்த்தால் முதல் வரிசை தானே நன்றாக வரும். 'வெரி குட்' பள்ளியில் ஆரம்ப வகுப்புக் கணக்கின் நிலை உயர்ந்திருந்தது, முன்னேற்றம் ஒரு படி கீழே. 'குட்' பள்ளியில் அது தலைகீழ். அதன் மொத்தப் படியைக் கீழே இழுத்தது அரபிப் பாடம். அரபி அங்கே நம் பிள்ளைகளுக்கும் கட்டாயம்தான், அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எனக்கு முதலில் வேண்டியது ஆரம்ப வகுப்பின் இங்கிலீஷும் கணக்கும்.

அதே அறிக்கையின் தொடக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் டீச்சர்களின் எண்ணிக்கையும், ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதும், வருடத்துக்கு எத்தனை சதவீத டீச்சர்கள் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதும் இருக்கும். விட்டுப் போகிறவர்கள் 'வெரி குட்' பள்ளியில் 34 சதவீதம், 'குட்' பள்ளியில் 14. மூன்றில் ஒரு டீச்சர் வருடா வருடம் போகிற இடத்தில் பிள்ளையை யார் தெரிந்துவைத்திருப்பார்கள்? என் வகுப்பில் ஒரு பையன் பெருக்கலில் ஏன் தடுமாறுகிறான் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. இரண்டாவது வருடத்தில்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது.

பிப்ரவரியில் மகளையும் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரத்திலிருந்து விசிட் விசாவில் துபாய் போனேன். 'வெரி குட்' பள்ளியில் நீச்சல்குளத்தையும், நாடக அரங்கையும், ரோபோ செய்யும் அறையையும் காட்டினார்கள். எல்லாம் அழகாக இருந்தது. "நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தருடைய கணக்கு நோட்டைக் காட்டுங்கள்" என்று கேட்டேன். சுவரில் ஒட்டின நல்ல வேலைகளைக் காட்டினார்கள். அதுவல்ல, அலமாரியில் இருக்கிறதில் ஏதாவது ஒன்று என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு எடுத்துத் தந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது, எல்லாவற்றிலும் டிக். ஒரு தாளில் 0.5உம் 0.25உம் கூட்டி 0.30 என்று எழுதியிருந்தது அந்தப் பிள்ளை. அதற்கும் டிக், பக்கத்தில் சிரிக்கும் ஸ்டிக்கர். தசமப் புள்ளியை விட்டுவிட்டு ஐந்தையும் இருபத்தைந்தையும் கூட்டுகிற தப்பு அது, எல்லா நாட்டுப் பிள்ளைகளும் செய்கிறது. அந்த இடத்தில் நிறுத்தாவிட்டால் அடுத்த மூன்று வருடம் அது கூடவே வரும். அதைப் பார்த்ததும் மனசு கனத்துப் போயிற்று. வெளியே வரும்போது, இன்றைக்கே முன்பணம் கட்டினால்தான் சீட் நிற்கும் என்றார்கள். கட்டவில்லை.

மறுநாள் 'குட்' பள்ளி. மஞ்சள் பெயின்ட் உதிர்ந்த பழைய கட்டடம், மைதானமும் சின்னது. நோட்டு கேட்டதும் அந்த வகுப்புப் பொறுப்பாளர் அலமாரியிலிருந்து ஐந்தை எடுத்தார்; அட்டையில் இருந்த பிள்ளைகளின் பெயர் மேல் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டு என்னிடம் நீட்டினார். பிள்ளைகளின் விவரத்தை எப்படிக் காக்கிறார்கள் என்று நான் கேட்கவே தேவைப்படவில்லை. ஒரு நோட்டில் 24இல் முக்கால் பங்கு எவ்வளவு என்ற கணக்கு. பிள்ளை 8 என்று எழுதியிருந்தது, மூன்றால் வகுத்துவிட்டது. டீச்சர் தப்புப் போடவில்லை. "ஒரு பட்டை வரை. நாலு பங்காக்கு. ஒரு பங்கு எவ்வளவு?" என்று பச்சை மையில் எழுதியிருந்தார். கீழே பிள்ளை ஊதாப் பேனாவில் கோணலாக ஒரு பட்டை வரைந்து, நாலு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் 6 எழுதி, மூன்று கட்டத்தை நிரப்பி 18 என்று முடித்திருந்தது. அதற்கும் கீழே புதிதாக ஒரு கணக்கு, 30இல் ஐந்தில் இரண்டு பங்கு. 12, படம் இல்லாமலே. மற்ற நான்கு நோட்டுகளிலும் இதே பழக்கம்தான். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு அடுத்த கட்டக் கேள்வி, திணறும் பிள்ளைக்குப் படம்.

டீச்சர்களின் தகுதியைப் பற்றியும் கேட்டேன். இங்கிலாந்தில் க்யூடிஎஸ் என்ற ஆசிரியர் தகுதி பெற்றவர்கள் எத்தனை பேர், மற்றவர்களுக்கு என்ன பயிற்சி என்று எண்ணோடு சொன்னார்கள். அங்கே வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களிடம், பிள்ளைகளோடு வேலை செய்யத் தடை இல்லை என்பதற்கு இங்கிலாந்துக் காவல் துறைச் சான்று வாங்குகிறார்கள். மற்ற நாட்டவருக்கு அந்தந்த நாட்டுச் சான்று. நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரியான ஜிசிஎஸ்இ முடிவுகளைக் காட்டியபோது சதவீதத்தைவிட எனக்கு வேண்டியிருந்தது, இயர் 7இல் எத்தனை பேர், இயர் 11இல் பரீட்சை எழுதினது எத்தனை பேர் என்பது. திணறும் பிள்ளைகளை இடையில் கழித்துவிட்டார்களா என்று அதில்தான் தெரியும். எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை.

ஊரில் மூன்றாம் வகுப்பு முடித்து நாலாம் வகுப்புக்குப் போக வேண்டியவள் அங்கே இயர் 5இல் சேர வேண்டும். ஒரு எண் கூடி வரும். சேர்க்கைக்கு கேட்4 என்ற தேர்வு வைத்தார்கள். சொல், எண், உருவம், இடம் என்று நாலு பகுதி, 100 சராசரி. மகளுக்கு உருவத்தில் 118, சொல்லில் 89. முதல் பள்ளி இதே மாதிரி மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு இங்கிலீஷ் உதவிக்குத் தனிக் கட்டணம் என்று சீட்டை நீட்டியிருந்தது. இந்தப் பள்ளியில் சேர்க்கையைக் கவனித்த அம்மா மகளைப் பார்த்துக் கேட்டார், "நீ மனசுக்குள்ளே எந்த மொழியில் எண்ணுவாய்?" தமிழில் என்றாள். "அப்படியே எண்ணு, அதை விட்டுவிடாதே" என்றார். பல மொழிப் பிள்ளையின் சொல் மதிப்பெண்ணை அப்படியே அறிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கும் விளக்கினார். அன்றைக்கு இரவே முன்பணம் கட்டினோம்.

என் அண்ணனுக்கு ஒரே கேள்வி: நாளைக்கு ஊருக்குத் திரும்பி நீட் எழுத வேண்டுமென்றால்? பிரிட்டிஷ் பள்ளியின் கடைசித் தேர்வான ஏ லெவல் முடித்தவர்களுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பிளஸ் டூவுக்கு இணை என்று சான்று தரும். மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் எடுத்திருக்க வேண்டும். எனவே பள்ளி இயர் 13 வரை இருக்கிறதா, அந்த மூன்றையும் சேர்த்து எடுக்க விடுகிறார்களா என்பதை இப்போதே பார்த்துக்கொண்டோம். அங்கே சேர்க்க டிசிக்கு வாங்க வேண்டிய சான்றொப்பம்தான் அலைச்சல். வீடு தமிழ்நாட்டில் இருந்தாலும் டிசி கேரளத்தில் கொடுத்தது, எனவே அந்த மாநிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும். இதைத் தெரியாமல் நாகர்கோவிலுக்கு இரண்டு தடவை போனதில் ஒரு வாரம் வீண்.

இப்போது ஒரு டேர்ம் முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அங்கே அரை நாள்தான் பள்ளி. வந்ததும் சாப்பிட்டுவிட்டு மாமிக்கு ஒரு பக்கம் தமிழில் எழுதுகிறாள், நான் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். மாமி றகரம் ரகரம் திருத்தி குரல் பதிவில் திருப்பி அனுப்புகிறார்.

போன வாரம் மஸ்கட்டிலிருந்து சித்தி மகன் கூப்பிட்டான். அவனும் பையனுக்கு பிரிட்டிஷ் பள்ளி பார்க்கிறானாம், எது நல்லது என்று கேட்டான். பள்ளிக்குப் போய் நோட்டைக் கேட்டு வாங்கு, பெயரை மறைத்துப் போட்டோ எடுக்க அனுமதித்தால் எடுத்து அனுப்பு என்றேன். நேற்று ராத்திரி பதினாறு பக்கம் அனுப்பியிருக்கிறான். இன்றைக்கு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.