மகஜரில் ஒரு வார்த்தை

தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீலிடம் 19 வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்கள் ஆபீசுக்கு வருவதில் பாதிக்குமேல் கஞ்சா கேஸ். காலை எட்டு மணிக்கே மாடிப்படியில் யாராவது உட்கார்ந்திருந்தால், முந்தின நாள் ராத்திரி வீட்டில் யாரையோ பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று பார்த்த உடனே தெரிந்துவிடும்.

போன மழைக்காலத்தில் வியாசர்பாடியிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகனுக்கு 22 வயது. புழலில் ரிமாண்ட். "கஞ்சா கேஸ்னா பெயிலே கிடையாதாமே தம்பி, பத்து வருஷமாமே?" என்று கேட்டார். கோர்ட் வாசலில் ஒருவர், மூன்றே நாளில் வெளியே எடுத்துத் தருகிறேன், ஐம்பதாயிரம் கொடு என்று கேட்டிருக்கிறார். தாலிச் சங்கிலியை அடகு வைக்கப் போகிற வழியில்தான், பக்கத்துவீட்டுக்காரர் சொன்னாரென்று எங்களிடம் வந்திருந்தார்.

"எவ்வளவு எடை போட்டிருக்காங்கம்மா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. இந்த மாதிரி வரும் குடும்பங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. ஆனால் 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியதே எடைதான். கஞ்சா 1 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சிறிய அளவு. அதிகபட்சம் ஒரு வருடம் சிறை, அல்லது பத்தாயிரம் வரை அபராதம், சில சமயம் இரண்டுமே. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. குறைந்தது பத்து வருடம். இடையில் இருப்பதற்குப் பத்து வருடம் வரை போகலாம். ஹெராயினுக்கு இதே கணக்கு 5 கிராமிலும் 250 கிராமிலும் நிற்கிறது. பெயில் கிடைக்கவே கிடைக்காது என்று ஊரில் பேசுவது வணிக அளவுக்குத்தான் ஓரளவு பொருந்தும். அங்கே 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். இவர் குற்றவாளி இல்லை என்று நம்பக் காரணம் இருக்கிறது, வெளியே போனால் மறுபடி குற்றம் செய்ய மாட்டார் என்று ஜட்ஜுக்கே தோன்ற வேண்டும். சிறிய, நடு அளவுகளுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. இதைச் சொன்னதும் அந்த அம்மா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் எஃப்.ஐ.ஆர் நகலும், பொருளைப் பிடித்த இடத்தில் சாட்சிகளை வைத்துப் போலீஸ் எழுதும் மகஜரின் நகலும் கைக்கு வந்தன. எங்கள் சார் மகஜரை எப்போதுமே இரண்டு தடவை படிப்பார். முதல் தடவை வேகமாக, இரண்டாவது தடவை கையில் பென்சிலோடு. எந்த இடத்தில் பிடித்தார்கள், மணி என்ன, சாட்சி யார், எதில் வைத்து எடை போட்டார்கள் என்று ஒவ்வொன்றாகப் போவார். அன்று பென்சில் ஓரிடத்தில் நின்றது. 'பையுடன் சேர்த்து 1 கிலோ 50 கிராம்.' பை என்றால் தோளில் மாட்டுகிற கேன்வாஸ் பை. அது மட்டுமே ஐம்பது கிராமுக்கு மேல் இருக்காதா? அதைக் கழித்தால் கஞ்சா சிறிய அளவுக்குள் வந்துவிடும். 'பையுடன்' என்ற வார்த்தைக்குக் கீழே கோடு போட்டுவிட்டு, பெயில் மனுவை டைப் அடிக்கச் சொன்னார்.

நல்ல வக்கீல் யார் என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் அந்தக் கோட்டைத்தான் சொல்கிறேன். காகிதத்தைப் படிக்கும் முன்பே ஃபீஸ் சொல்கிறவர், இத்தனை நாளில் வெளியே எடுத்துவிடுவேன் என்று உறுதி கொடுக்கிறவர், இந்த இரண்டு பேரிடமும் பணம் கொடுக்காதீர்கள். ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கிற போதைப்பொருள் வழக்கு சிறப்புக் கோர்ட்டில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து கேஸ் நடத்தியிருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவர் நமக்கு வேண்டாம். பணமே இல்லையென்றால், காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்கச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போன் 15100. அங்கே வரும் இளம் வக்கீல்களில் ராத்திரி பகலாகக் கேஸ் படிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"அந்தப் பை அவனுது இல்ல தம்பி, கூட்டாளி குடுத்து வச்சிருக்கச் சொன்னான்" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். மனசு கேட்கவில்லைதான். ஆனால் இந்தச் சட்டத்தில் கையில் இருந்தது என்று நிரூபித்துவிட்டால், தெரிந்தேதான் வைத்திருந்தார் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதை நாம்தான் காட்ட வேண்டும். அதனால் அந்தக் கூட்டாளி எப்போது போன் செய்தான், மகன் அன்று எங்கே வேலைக்குப் போனான் என்பதையெல்லாம் மறக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொண்டேன். போலீசிடம் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டானாம் என்றும் அழுதார். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிராகச் சாட்சியமாக எடுக்க முடியாதும்மா என்றேன். போதைப்பொருள் அதிகாரிகள் வாங்கும் வாக்குமூலமும் அப்படித்தான் என்று 2020இல் சுப்ரீம் கோர்ட் சொன்னதே தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில்தான்.

இரண்டு நாள் கழித்து, ஜெயிலில் கையெழுத்தாகி வந்த வக்காலத்தை, அதாவது எங்கள் சாரை வக்கீலாக வைத்துக்கொள்வதாக மகன் கொடுத்த பத்திரத்தை, மேஜைமேல் வைத்திருந்தேன். அந்த அம்மா குனிந்து பார்த்தார். படிக்கத் தெரியாது, ஆனால் மகன் கையெழுத்து தெரியும். "கோணலா போட்டிருக்கான். எப்பவும் இப்படிப் போடமாட்டான்" என்று அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே நின்றார். விரலை எடுக்கும்வரை காத்திருந்து, அப்புறம் வக்கீல்கள் நல நிதிக்கான வெல்ஃபேர் ஸ்டாம்பை ஒட்டி, மனுவோடு சேர்த்து எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பினேன்.