எண்ணிக்கையில் வராத கட்டுரை

புற்றுநோய் ஆய்வகம் ஒன்றில் விருது விண்ணப்பங்களைத் தயாரிக்கும் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. ஆய்வாளரின் கட்டுரைகளைத் திரட்ட வேண்டும், அவற்றைப் பிறர் கட்டுரைகள் எத்தனை முறை குறிப்பிட்டன என்று மேற்கோள்களை எண்ண வேண்டும், எச்-குறியீட்டைச் சரிபார்க்க வேண்டும். கூட்டத் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். நான் திரட்டிய முதல் பட்டியலிலேயே பாறைகளைப் பற்றிய கட்டுரைகள் இரண்டு புகுந்துவிட்டன. அதே பெயரில் ஒரு மண்ணியல் ஆய்வாளரும் இருந்தார். இந்தக் குழப்பத்துக்காகவே ஆர்சிட் என்ற 16 இலக்க அடையாள எண் 2012இல் வந்தது. மூத்தவர்கள் பலர் அதை வாங்கியதோடு சரி.

எச்-குறியீடு என்பது 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. ஒருவரின் குறியீடு 40 என்றால், தலா 40 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் அவரிடம் 40 இருக்கின்றன என்று பொருள். வயதோடு ஏறுமே தவிர இறங்குவது அபூர்வம். அதனாலேயே எல்லோருக்கும் அதைப் பிடிக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஒருமுறை மூத்த ஆய்வாளர் ஒருவருக்காகப் பட்டியலை மேற்கோள் வரிசையில் அடுக்கி எடுத்துப் போனேன். முதலிடத்தில் இருந்தது நூற்றுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து எழுதிய கட்டுரை. நடுவில் எங்கோ அவர் பெயர்.

"இதற்கு நான் திசு மாதிரிகள் அனுப்பினேன். அவ்வளவுதான்," என்றார். இரண்டாவது, சாயமேற்றும் முறை ஒன்றைப் பற்றியது. அதையும் தாண்டிப் போய், கடைசிப் பக்கத்தில் கிடந்த ஒன்றில் விரல் வைத்தார். "முதலில் இதைப் போடுங்கள்."

"மேடம், இதற்கு மேற்கோளே இல்லையே."

"தெரியும்."

அது இரண்டு பக்கக் குறிப்பு. தாங்கள் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திவந்த செல் வரிசை (ஒரே மூலத்திலிருந்து ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்), பெயர்ச்சீட்டில் எழுதியிருந்த புற்றுநோயைச் சேர்ந்ததே அல்ல என்று சோதித்துச் சொன்னது. தம் பழைய முடிவுகள் சிலவற்றையும் அதிலேயே ஐயத்துக்கு உட்படுத்தியிருந்தார்.

இத்துறையில் இது புதிய கதை அல்ல. எம்டிஏ-எம்பி-435 என்ற செல் வரிசையை நெடுங்காலம் மார்பகப் புற்றுநோய்க்கு மாதிரியாக வைத்து ஆய்வு செய்தார்கள். அதன் மரபணுச் செயல்பாடு மெலனோமா என்ற தோல் புற்றுநோயை ஒத்திருப்பது 2000இல் தெரியவந்தது. அது எம்14 என்ற மெலனோமா வரிசைதான் என்று பிறகு உறுதியானது. அதற்குப் பின்னும் அதை மார்பகப் புற்றுநோய் என்றே குறிப்பிட்ட கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கும் மேற்கோள்கள் சேர்ந்தன.

அன்று மாலை வெகுநேரம் அந்தக் குறிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறையைப் பயன்படுத்துகிறவர் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். அதனால்தான் புரதத்தை அளக்கும் முறையைச் சொன்ன லௌரியின் 1951ஆம் ஆண்டுக் கட்டுரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களோடு நிற்கிறது. எச்சரிக்கையைக் கேட்டு நடக்கிறவர் என்ன செய்வார்? உறைபெட்டியைத் திறந்து அந்தக் குப்பிகளை எடுத்து எறிவார். செய்யாமல் விட்ட பரிசோதனைக்கு யார் கட்டுரை எழுதுகிறார்கள்? கட்டுரை இல்லை என்றால் மேற்கோளும் இல்லை.

ஆய்வாளரை இதழின் தாக்கக் காரணியை, அதாவது அந்த இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள் கணக்கை, கொண்டு எடைபோடக் கூடாது என்று சொல்லும் சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்தை விருதுக் குழுவும் ஏற்றிருந்தது; விண்ணப்பத்தின் முகப்பிலேயே அச்சிட்டிருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் 'இதழின் தாக்கக் காரணி' என்று ஒரு கட்டமும் இருந்தது. நிரப்பினேன்.

மறுநாள் அவர் பழைய மின்னஞ்சல் ஒன்றை அச்செடுத்துக் கொடுத்தார். முன்பின் தெரியாத ஆய்வு மாணவர் ஒருவர் எழுதியது. குறிப்பைப் படித்துத் தங்கள் செல்களைச் சோதித்ததாகவும், அவையும் தவறானவையே என்று தெரிந்து அந்த வேலையை அத்தோடு நிறுத்திவிட்டதாகவும், நன்றி என்றும் நான்கு வரி. அந்த ஆய்வகத்தின் கட்டுரைகளைத் தேடிப் பார்த்தேன். எதிலும் இவர் பெயர் இல்லை.

இணைப்புகள் ஐந்து பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஐந்தும் நிரம்பியிருந்தன. முதலிடக் கட்டுரையின் ஆசிரியர் பெயர்கள் மட்டுமே ஒரு முழுப் பக்கம். அந்தத் தாளை உருவிவிட்டு மின்னஞ்சலைச் செருகினேன்.