முகத்துக்காக வைத்த மெத்தை

அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகரை ஒட்டிய ஊரொன்றில், பழைய அமெரிக்கக் கார்களைச் சீர்செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். இன்ஜின், பாடி, பெயின்ட் எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சீட், கதவு ரெக்சின், கூரைத் துணி, டேஷ் பேட் என்று காரின் உள்பக்கம் மட்டும் என் பொறுப்பு. சீட்டுக்குச் செலவு செய்ய யாரும் யோசிப்பதில்லை. டேஷ் பேட் என்று வரும்போதுதான் பேரம் ஆரம்பிக்கிறது. "மேலே ஒரு மூடி வாங்கி ஒட்டிவிட்டால் போதாதா?" என்பார்கள். போதாது என்பதுதான் என் எண்ணம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

டேஷ் பேட் என்பது முன்கண்ணாடிக்குக் கீழே, மீட்டர்களுக்கு மேலே, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை நீளும் மெத்தை. அடியில் தகட்டுச் சட்டம், அதன்மேல் பாலியூரித்தேன் பஞ்சு, அதை மூடி வினைல் தோல். வினைல் இயல்பிலேயே விறைப்பான பொருள். அது வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காக பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்ப் பசை போன்ற ஒன்றைக் கலக்கிறார்கள். சூடு பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். வெயிலில் நிற்கும் காரின் முன்கண்ணாடியில் உள்பக்கமாகப் பிசுபிசுவென்று ஒரு படலம் படிகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. எண்ணெய்ப் பசை போகப் போகத் தோல் சுருங்கும், அடியில் இருக்கும் சட்டம் சுருங்காது. கடைசியில் தோல் கிழியும். ஸ்பீக்கர் துளையின் ஓரம், மீட்டருக்கு மேல் வரும் வளைவு, திருகு ஏறும் இடம் என்று இழுப்பு அதிகமாக இருக்கும் இடங்களில் முதல் விரிசல் விழும்.

ஃபீனிக்ஸ் வெயில் இதற்கெல்லாம் எமன். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோடை வெயிலில் கார்களை நிறுத்தி அளந்து 2018இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களில் டேஷ்போர்டின் சராசரி வெப்பம் 157 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 69 டிகிரி செல்சியஸ். அப்படி ஐம்பது கோடைகளைப் பார்த்த ரெக்சின்கள்தான் என் மேஜைக்கு வருகின்றன. இன்னொரு பக்கம், இந்தப் பகுதியில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வழக்கம் இல்லை, மழையும் குறைவு. அதனால் இந்த ஊர்க் காரில் தரைத் தகடு துருப்பிடிக்காமல் கிடைக்கும். மிச்சிகன், ஒஹையோ பக்கத்திலிருந்து வரும் காரில் தரை ஓட்டையாக இருக்கும், டேஷ் பேட் பல சமயம் நன்றாக இருக்கும். ஒரு கார் எங்கே வாழ்ந்தது என்பதை ஆவணத்தைப் பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடலாம்.

அண்மையில் வந்தது செவ்ரோலே கம்பெனியின் ஒரு 1969 கமாரோ. நடுத்தர அளவுக் காரில் பெரிய வி8 இன்ஜினைப் போட்டு இளைஞர்களுக்கு விற்கும் வழக்கம் 1964இல் பான்டியாக் ஜிடிஓவோடு சூடுபிடித்தது. மஸில் கார் என்று பேர் வாங்கிய அந்த வரிசையோடு சேர்த்துப் பேசப்படும் கார்தான் கமாரோ. உரிமையாளர் ஓய்வுபெற்ற மனிதர், இதை விற்கும் யோசனையில் இருந்தார். டேஷ் பேடின் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு மூன்று விரிசல்கள்.

கழற்றுவது பொறுமையான வேலை. முதலில் பேட்டரியின் மைனஸ் ஒயரை எடுத்துவிட வேண்டும். பிறகு மீட்டர் போர்டும் க்ளவ் பாக்ஸும் வெளியே வரும், கண்ணாடித் தூண்களின் மேல் உள்ள பட்டைகளும் வரும். பேடின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் என்ற திருகுக் கம்பிகளில் நட்டுகள் ஏறியிருக்கும். அவற்றைக் கண்ணால் பார்க்க முடியாது, மல்லாந்து படுத்துக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஐம்பது வருஷத்து ஒயர்களின் உறை விறைத்துப் போயிருக்கும். அவசரத்தில் முழங்கை பட்டால் ஒன்றிரண்டு வெடித்துவிடும்.

இந்த வேலையில் எனக்கு எப்போதும் கவனம் போகும் இடம் ஒன்று உண்டு. ஓட்டுநர் பக்கம், கண்ணாடிக்கு அடியில், பேடை ஒட்டி ஒரு சின்னத் தகடு. காரின் அடையாள எண் அதில்தான் இருக்கிறது. 1968 மாடலிலிருந்து கமாரோவில் அது வெளியே நின்று கண்ணாடி வழியாகப் படிக்கும்படி வந்தது. இந்தக் காரில் 124379எல் என்று தொடங்குகிறது. 1 என்றால் செவ்ரோலே, 24 என்றால் வி8 போட்ட கமாரோ, 37 இரண்டு கதவுக் கூப்பே, 9 என்பது 1969. எல் என்றால் லாஸ் ஏஞ்சலிஸ், அதாவது அங்கே வான் நைஸில் இருந்த தொழிற்சாலை. ஒஹையோவின் நார்வுட்டில் செய்ததாக இருந்தால் அந்த இடத்தில் 'என்' (N) என்ற எழுத்து இருக்கும். தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளின் தலை பூவிதழ் மாதிரி இருக்கும், சாதாரணக் கடையில் கிடைக்காது. அதில் ஒரு கீறல் விழுந்தாலும் நாளை வாங்குகிறவர் சந்தேகப்படுவார், தகட்டை எடுத்து மாற்றினால் சட்டச் சிக்கல் வேறு. எனவே பேடை இழுப்பதற்கு முன் அதன்மேல் தடித்த டேப்பை ஒட்டிவிட்டுத்தான் மறு வேலை.

உள்ளே இன்ஜின் அறையின் பின்சுவரில் இன்னொரு தகடு. அதில் உட்புறத்துக்கான எண் 711. சாதாரண வகை, கறுப்பு. பேடைக் கறுப்பாகச் செய்தால் சரி என்பது அங்கேயே உறுதியாகிவிட்டது.

பேடை எடுத்து மேஜையில் கவிழ்த்தபோது பஞ்சின் நிலை தெரிந்தது. விரிசலுக்குக் கீழே இருந்த பகுதி நாட்டுச் சர்க்கரை போல உதிர்ந்து உள்ளங்கையில் ஒட்டியது. விரிசலிலிருந்து நாலு விரல்கடை தள்ளி இருந்த பகுதி மட்டும் இன்னும் அமுங்கித் திரும்பியது. உரிமையாளரைக் கூப்பிட்டு இரண்டு இடத்திலும் கட்டை விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். ஒரு இடத்தில் விரல் மெல்ல உள்ளே போனது, இன்னொரு இடத்தில் நேராகத் தகட்டில் போய் இடித்தது.

"பார்க்கிறவர்களுக்கு இது தெரியவா போகிறது?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மெத்தை அங்கே வந்த கதை அழகைச் சேர்ந்தது இல்லை. 1930களில் டெட்ராய்ட்டில் கிளேர் ஸ்ட்ரெய்த் என்று ஒரு பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை மருத்துவர் இருந்தார். ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கள், மோதலில் முகம் டேஷ்போர்டில் அடிபட்டு, அவரிடம் வந்துகொண்டே இருந்தார்கள். அன்றைய டேஷ்போர்டு வெறும் தகடு, அதில் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ்கள். அங்கே மெத்தை வையுங்கள் என்று கார்க் கம்பெனிகளிடம் அவர் வற்புறுத்தினார். 1948இல் டக்கர் காரில் மெத்தை வைத்த டேஷ் வந்தது. 1956இல் ஃபோர்டு கூடுதல் பணம் கொடுத்தால் தருவதாக விற்றது. 1966இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1968 ஜனவரி 1 முதல் 201ஆம் எண் விதி நடைமுறைக்கு வந்த பிறகுதான் டேஷ்போர்டில் தலை மோதினால் என்ன ஆகும் என்பதற்கு அரசாங்கம் ஒரு அளவு வைத்தது. 15 பவுண்டு எடையுள்ள தலை வடிவத்தை மணிக்கு 15 மைல் வேகத்தில் மோத விடுவார்கள். அது நிற்கும்போது உண்டாகும் தாக்கம் 80 ஜியை, அதாவது புவியீர்ப்பைப் போல 80 மடங்கை, தாண்டித் தொடர்ந்து 3 மில்லி செகண்டுக்கு மேல் நீடிக்கக் கூடாது. அந்தப் பஞ்சு அங்கே இருப்பது இதற்காக.

மூடி ஒட்டுகிற முறையில் கெட்டியான ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஓடு ஒன்றை சிலிக்கான் பசை வைத்துப் பழைய தோலின்மேல் அமுக்கிவிடுவார்கள். தொலைவிலிருந்து பார்க்க நன்றாகவே இருக்கும். உதிர்ந்த பஞ்சு உதிர்ந்தபடியே கிடக்கும், அதற்குமேல் முன்பு இருந்ததைவிடக் கெட்டியான ஒரு பரப்பு வந்து உட்காரும். யாருடைய முகத்துக்காக அந்த மெத்தையை வைத்தார்களோ அவருக்கு அது துரோகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வாரம் ஒருமுறை ஐஸ்க்ரீம் கடை வரை ஓட்டும் காராக இருந்தாலும் பக்கத்து சீட்டில் பேரக்குழந்தை உட்காரும்.

புதிதாகச் செய்து விற்கும் நகல் பேடுகளும் உண்டு. கமாரோ, மஸ்டாங் மாதிரி நிறைய விற்ற கார்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும். சட்டமே துருவில் போயிருந்தால் நானே அதைத்தான் வாங்கச் சொல்வேன். சில நகல்கள் அச்சாகப் பொருந்தும். சிலவற்றில் ஸ்டட் ஓட்டைக்கு நேராக வராது, தூண் ஓரத்தில் இடைவெளி விழும். வாங்கும்போது ஏசி உள்ள காருக்கா, இல்லாததற்கா என்று கேட்டுக்கொள்வது முக்கியம்.

இந்தக் காரின் சட்டம் திடமாக இருந்ததால் அதையே புதுப்பிக்கலாம் என்று சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

பழைய தோலை உரித்து, உதிரும் பஞ்சை எல்லாம் சுரண்டி, சட்டத்துக்கு மணல் பாய்ச்சி ப்ரைமர் அடித்தேன். அதன்மேல் இரண்டு கலவையாக வரும் பாலியூரித்தேனை ஊற்றினால் பொங்கி இறுகும். இதில் கெட்டி வகை, மென்மை வகை என்று உண்டு. கெட்டி வகை உப்புத்தாளுக்கு அழகாக வரும், ஓரம் கூர்மையாக நிற்கும், வேலை சீக்கிரம் முடியும். பலர் அதைத்தான் விரும்புகிறார்கள். நான் ஓரங்களில் மட்டும் சிறிதளவு அதை வைத்துவிட்டு, மற்ற இடமெல்லாம் மென்மையானதையே ஊற்றுகிறேன். தேய்க்கும்போது அது இழுத்துக்கொண்டு வரும், அலை அலையாக நிற்கும். அளவுப் பலகையை வைத்து வைத்துப் பார்த்துத் தேய்க்க வேண்டும். எங்கள் பட்டறையில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த பெரியவர், மெக்சிகோவின் சொனோராவிலிருந்து வந்தவர், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் மட்டும் தடவி மேடு பள்ளத்தைச் சொல்வார். விளக்கு ஏமாற்றும் என்பது அவர் கட்சி. இப்படிப் புதுப்பித்த பேட் 1968ஆம் வருஷச் சோதனையில் தேறும் என்று நான் யாருக்கும் உறுதி கொடுப்பதில்லை. அதைச் சோதிக்கும் வசதி எங்களிடம் இல்லை. கட்டை விரல் தகட்டில் இடிக்காது என்பதை மட்டும் சொல்ல முடியும்.

பிறகு வாக்குவம் மேஜை. பஞ்சில் பள்ளமான இடங்களில் ஊசித் துளைகள் போட்டு, பசை பூசி, மேஜையில் வைப்போம். மேலே சட்டத்தில் இறுக்கிய வினைல் தாள் சூடேறி நடுவில் தொய்யத் தொடங்கும். தொய்வு சரியான அளவுக்கு வந்ததும் தாளை இறக்கிக் காற்றை உறிஞ்ச வேண்டும். கொஞ்சம் முன்னால் இறக்கினால் வளைவில் ஒட்டாது, கொஞ்சம் பின்னால் இறக்கினால் தாளின் தோல்வரி இழுபட்டு மூலைகளில் வழுவழுவென்று பளபளக்கும். டேஷின் மேற்பரப்பு மங்கலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் கண்ணாடியில் எதிரொளித்துச் சாலையை மறைக்கும். அதனால் கடைசியில் அடிக்கும் கறுப்பும் மினுக்கம் இல்லாததாகத்தான் இருக்கும். டேஷைப் பளபளக்க வைக்கும் சிலிக்கான் திரவங்களை வீட்டில் தடவாதீர்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். பின்னால் எப்போதாவது நிறம் அடிக்க வேண்டி வந்தால், சிலிக்கான் இருந்த இடத்தில் பெயின்ட் ஒதுங்கிச் சின்னச் சின்ன வட்டக் குழியாக நிற்கும்.

பேடை மாட்டிவிட்டுத் தூண் பட்டைகளைத் திருகிக்கொண்டிருந்தபோது உரிமையாளர் கூரையைக் காட்டினார். தோளுக்குக் குறுக்கே போடும் பெல்ட் அங்கே கிளிப்பில் மடித்துச் செருகியபடி இருந்தது. 1969 கமாரோ கூப்பேயில் அது இடுப்பு பெல்ட்டோடு சேராமல் தனியாக வரும், பெரும்பாலோர் அதைக் கீழே எடுப்பதே இல்லை. "இது இன்னும் தாங்குமா?" என்று கேட்டார். பட்டையை இறக்கி வெளிச்சத்தில் விரித்துக் காட்டினேன். வெயில் பட்ட மடிப்பு வெளுத்து, விரலுக்கு மொரமொரவென்று இருந்தது. கொக்கிகளை அப்படியே வைத்துக்கொண்டு பட்டையை மட்டும் புதிதாகத் தைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்றேன். நான்கையும் கழற்றி அனுப்பச் சொல்லிவிட்டார்.