ரிவார்ட்ஸ் தளத்தில் ‘நிலுவை’ என்ற சொல்லைச் சேர்த்த கதை

ஆஃபர்களை, அதாவது விளம்பரதாரர்கள் தரும் சிறு வேலைகளை, முடித்துக் கொடுக்கும் உறுப்பினர்களுக்குப் பணம் தரும் சிறிய இணையதளம் ஒன்றை 2022 மார்ச் முதல் ஈரோட்டிலிருந்து நடத்தி வருகிறேன். பகலில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதும் வேலை; தளத்தின் வேலையெல்லாம் இரவு எட்டு மணிக்கு மேல்தான். கணக்கு எழுதுகிறவனே தன் சொந்தத் தளத்தின் கணக்கில் தடுமாறியதால்தான் இதை எழுதுகிறேன்.

செயலியை நிறுவி விளையாட்டில் குறிப்பிட்ட நிலையை எட்டுவது, கருத்துக்கணிப்புக்குப் பதில் சொல்வது, ஒரு சேவையில் பதிவு செய்வது போன்ற வேலைகளை விளம்பரதாரர்கள் ஓர் ஆஃபர் நிறுவனத்திடம் கொடுக்கிறார்கள். அந்த நிறுவனம் தரும் ஆஃபர்வாலை, அதாவது ஆஃபர்களின் பட்டியலைக் காட்டும் பக்கத்தை, நாம் நம் தளத்தில் பொருத்திக்கொள்கிறோம். உறுப்பினர் ஓர் ஆஃபரைச் சொடுக்கும்போது அவருடைய எண்ணும் இணைப்போடு சேர்ந்து போகிறது. வேலை முடிந்ததும் அந்த நிறுவனத்தின் சர்வர் நம் சர்வரை அழைத்து, இன்ன உறுப்பினர், இன்ன பரிவர்த்தனை எண், இவ்வளவு தொகை என்று தெரிவிக்கிறது. போஸ்ட்பேக் என்பது இந்த அழைப்புதான். வரும் தொகையில் அறுபது சதவீதத்தை உறுப்பினருக்குப் புள்ளிகளாகக் கொடுத்துவிட்டு மீதியில் சர்வர் செலவைச் சமாளிக்கிறேன்.

முதல் தவறு இந்த அழைப்பிலேயே நடந்தது. நம் சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால், தகவல் போய்ச் சேரவில்லை என்று கருதி அந்த நிறுவனம் மறுபடியும் அழைக்கும். அழைப்பு அந்த நிறுவனத்திடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் ரகசியக் குறியீட்டை நான் சரிபார்த்தேனே தவிர, அந்தப் பரிவர்த்தனை எண் முன்பே வந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வர் திணறியபோது ஒரே கருத்துக்கணிப்புக்கு ஒருவருக்கு மூன்று முறை புள்ளிகள் ஏறிவிட்டன. டேட்டாபேஸில் பரிவர்த்தனை எண் திரும்ப வர முடியாதபடி ஒரே ஒரு கட்டுப்பாட்டைச் சேர்த்ததும் அந்தத் தொல்லை அடியோடு நின்றுவிட்டது.

பெரிய சோதனை ஜூலையில் வந்தது. மாதம் முடிந்து முப்பது நாள் கழித்துத்தான் ஆஃபர் நிறுவனம் எனக்குப் பணம் அனுப்பும். நானோ உறுப்பினர்களுக்கு அந்த வாரமே அனுப்பிக்கொண்டிருந்தேன். விளம்பரதாரர் சரிபார்த்துவிட்டு, இந்தப் பதிவுகளை ஏற்கவில்லை என்று சொன்னால், அதே போஸ்ட்பேக் கழித்தல் குறியோடு திரும்பி வரும். இதைத்தான் இந்தத் தொழிலில் ரிவர்சல் என்கிறார்கள். அந்த மாதம் 112 டாலர் அப்படித் திரும்பியது. அதில் உறுப்பினர்களுக்கு நான் ஏற்கெனவே கொடுத்திருந்த பங்கு சுமார் 5,300 ரூபாய்.

நான் எழுதி வைத்திருந்த நிரல் அந்தத் தொகையை உறுப்பினர்களின் கணக்கிலிருந்து தானாகவே கழித்துவிட்டது. மறுநாள் தென்காசிப் பக்கத்து ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணிடமிருந்து அஞ்சல் வந்தது: “அண்ணா, பதினெட்டு நாள் விளையாடி இருபத்தைந்தாவது நிலைக்குப் போனேன். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வைத்திருக்கிறேன். என் கணக்கில் ஏன் மைனஸ் 240 காட்டுகிறது? நான் உங்களுக்குப் பணம் தர வேண்டுமா?” அந்தக் கடைசிக் கேள்வியைப் படித்த பிறகு எனக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை. உழைத்தவரைக் கடனாளியாகக் காட்டியிருக்கிறோம் என்பது உறுத்தியது. அன்றிரவே எல்லாருடைய கழித்தலையும் நீக்கிவிட்டு, இழப்பை என் கையிலிருந்தே போட்டேன். ஸ்கிரீன்ஷாட்களைத் திரட்டி ஆஃபர் நிறுவனத்துக்கு அனுப்பியதில் மூன்று பேருடைய பதிவுகள் மட்டும் மீண்டும் ஏற்கப்பட்டன. அந்தப் பெண்ணுடையது அவற்றில் ஒன்று.

அதன் பிறகுதான் கணக்குப் பக்கத்தை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் ‘கையில் உள்ளது’, மறுபக்கம் ‘நிலுவை’. கருத்துக்கணிப்புக்கு ஏழு நாள், விளையாட்டுக்கும் பதிவுக்கும் முப்பது நாள் நிலுவை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது கைக்கு வரும் தேதியும் இருக்கும். ரிவர்சல் வந்தால் நிலுவையிலிருந்து மட்டுமே கழியும். கையில் சேர்ந்துவிட்ட தொகையை யாரும் தொட முடியாது. காத்திருக்க மனமில்லாத சிலர் விலகிப் போனார்கள். தேதியைத் தெரிந்துகொண்ட மற்றவர்கள் ‘எப்போது வரும்’ என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

பேபால் இந்தியாவுக்குள்ளான உள்நாட்டுப் பரிமாற்றத்தை 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டதால், நான் அனுப்புவது முழுக்க யுபிஐ வழியாகத்தான். ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் கையாலேயே அனுப்புகிறேன். அப்படிச் செய்வதில் நான் எதிர்பாராத ஒரு பயனும் இருந்தது. பணம் அனுப்புவதற்கு முன் பெறுபவரின் வங்கிப் பெயர் திரையில் தெரியும் அல்லவா? ஒருமுறை ஐந்து வெவ்வேறு கணக்குகளுக்கு ஒரே பெயர் வந்து நின்றது. போலிக் கணக்குகளைப் பிடிக்க அதைவிட நம்பகமான வழியை நான் காணவில்லை.

ஆனால் ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்பின் எண்ணை, மட்டும் நம்பிக் கணக்குகளை முடக்குவது மிகவும் தவறு. செல்பேசி நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. விடுதிகளில் எல்லாரும் ஒரே வைஃபையில்தான் இருக்கிறார்கள். கோயம்புத்தூர் மகளிர் விடுதி ஒன்றிலிருந்து வந்த ஆறு கணக்குகளை இப்படி அவசரப்பட்டு முடக்கிவிட்டு, ஆறு பேரும் தனித்தனி யுபிஐ பெயர்களைக் காட்டிய பிறகு ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அடுத்த சனிக்கிழமை அனுப்பிய பட்டியலில் முதல் ஆறு வரிகள் அவர்களுடையவை.